மேனேஜருக்கு மேலே ஏலம் கேட்காதவர்கள்

அந்த வாரம் எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஆபீஸ் விட்டதும் அரியலூர் டவுன் கிளப்புக்குப் போகணும், புதுசா பிரிட்ஜ் கத்துக்கிற நாலு பேரைப் பழக்கிவிடணும். அவ்வளவுதான்.

சீட்டாட்டம்தானே, இதுல என்ன கெட்டுப்போகப் போவுதுன்னு நினைச்சேன். என் புத்தி எப்பவும் அப்படித்தான் நினைக்கும்.

விஷயம் இதுதான். அந்த ஞாயித்துக்கிழமை திருச்சியிலேருந்து எங்க பெரிய ஆபீசர் வரார். அப்பல்லாம் அரியலூர், பெரம்பலூர் எல்லாமே திருச்சி ஜில்லா. அவருக்கு பிரிட்ஜ்னா உசுரு. அவரோட ஜோடி சேர்ந்து ஆடணும்னு எங்க மேனேஜருக்கு ஆசை. ஆனா மேனேஜருக்குத் தெரிஞ்ச ஒரே சீட்டாட்டம் கழுதை.

ஆபீஸ்ல பிரிட்ஜ் தெரிஞ்ச ஒரே ஆள் நான். தெரிஞ்சதுன்னா, காலேஜ் ஹாஸ்டல்ல ஆறு மாசம். அதுல பாதி நாள் பின்னாடி நின்னு வேடிக்கை பார்த்தது. இருந்தாலும் "எனக்குத் தெரியும் சார்"னு நானா போயி மாட்டிக்கிட்டேன்.

காரணம் இருந்துச்சு. என் பொஞ்சாதி பெரம்பலூர்ல டீச்சர். அப்ப அவளுக்கு ஏழு மாசம். நான் தினம் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் பஸ்சுல நின்னுகிட்டே போயி வந்துகிட்டிருந்தேன். வழியில குன்னத்துல வெங்காய மூட்டை ஏறிட்டா ஒத்தக் கால்லதான் நிக்கணும். அவளுக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் எப்பப் போயிச் சேர்றதுன்னு நிஜமாவே பயந்துகிட்டிருந்தேன். பெரம்பலூருக்கு மாத்தல் கேட்டு நான் எழுதின மனு மூணு மாசமா மேனேஜர் மேசையில கிடந்துச்சு. அது மேல விழுந்ததெல்லாம் டீ டம்ளர் வட்டம்தான்.

"ரத்தினம், ஞாயித்துக்கிழமை நான் மானத்தோட ஆடிட்டேன்னு வையி, அங்கயே உம் மனுவுல கையெழுத்து வாங்கித் தரேன்"னார் மேனேஜர்.

விடுவனா!

பழகறதுக்கு நாலு பேர் உக்காந்தாங்க. மேனேஜர், ஹெட் கிளார்க் நடராஜன், கேஷியர் பஷீர் பாய், ஆண்டிமடம் முந்திரி வியாபாரி கொளஞ்சிநாதன். கொளஞ்சிநாதனுக்கு எங்க ஆபீஸ்ல ஒரு லைசென்ஸ் ஆகவேண்டியிருந்துச்சு. அதனால அவருக்கும் பிரிட்ஜ் மேல திடீர்னு ஆர்வம்.

சொல்லிக்குடுத்தேன். "முதல்ல ஏலம். எந்த ஜாதி துருப்பு, எத்தனை சுத்து ஜெயிப்பேன்னு கேக்கணும். ஒருத்தர் கேட்டதுக்கு மேல அடுத்தவர் கேக்கலாம். முடியலைன்னா பாஸ்னு சொல்லிடணும்."

மேனேஜர் சீட்டைப் பார்த்தார். "ஒரு கிளாவர்"னார். அதைவிடக் கம்மியா ஏலத்துல கேக்கவே முடியாது.

"பாஸ்"னார் கொளஞ்சிநாதன். "பாஸ்"னார் ஹெட் கிளார்க். "பாஸ்"னார் பஷீர் பாய், நெஞ்சுல கைய வெச்சு.

அடுத்த ஆட்டம். மறுபடி "ஒரு கிளாவர்." மறுபடி மூணு பாஸ்.

எட்டிப் பார்த்தேன். ஹெட் கிளார்க் கையில மூணு ஏஸ், ரெண்டு ராஜா! காதுல கிசுகிசுத்தேன். "என்ன சார், இதை வெச்சுகிட்டு பாஸ்ங்கிறீங்க?"

"தம்பி, மேனேஜர் கேட்டதுக்கு மேல நான் கேக்கறதா? இருவத்திரெண்டு வருஷ சர்வீஸ்ல அந்தத் தப்பை நான் பண்ணினதில்ல."

பஷீர் பாயைப் பிடிச்சேன். "இன்ஷா அல்லா, எனக்கு இன்னும் மூணு வருஷம் பாக்கி இருக்கு தம்பி. நிம்மதியா ரிடையராக விடுங்க."

கொளஞ்சிநாதன் ஏஸை ஒளிச்சு வெச்சுகிட்டு ரெண்டைப் போட்டுத் தோத்தார். தோத்துட்டு, "அருமையா ஆடுறீங்க சார்!"னார்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "இதைப் போயி கஷ்டம்னு சொன்னியேய்யா?"

நாலு நாள் இதே கூத்து. நான் தொண்டை கிழியக் கத்தினேன். "வாயைத் தொறந்து கேளுங்க சார்! இது ஆபீஸ் இல்ல, சீட்டு! மேல கேக்கறது மரியாதைக் குறைவு இல்ல!" எல்லாரும் தலையாட்டினாங்க. எல்லாரும் பாஸ் சொன்னாங்க.

போதாக்குறைக்கு நானும் புத்திசாலித்தனமா ஒண்ணு பண்ணினேன். "ஜோடி 'ரெண்டு கிளாவர்'னு ஆரம்பிச்சா, அவருக்குக் கிளாவர் வேணும்னு அர்த்தமில்ல சார். 'எங்கிட்ட பெரிய சீட்டா இருக்கு, உங்கிட்ட என்ன இருக்கு?'ன்னு கேள்வி கேக்கறார். கண்டிப்பா பதில் சொல்லியே ஆகணும். பாஸ் மட்டும் கூடவே கூடாது"ன்னு மேனேஜருக்கு விளக்கினேன். அவர் டைரியில எழுதி அடிக்கோடு போட்டுகிட்டார்.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. பெரிய ஆபீசரும் மேனேஜரும் ஒரு ஜோடி. எதிர்ல ஹெட் கிளார்க்கும் பஷீர் பாயும். மேனேஜர் சட்டைப் பையில என் மனு. அவர் நாற்காலிக்குப் பின்னால நான்.

பெரிய ஆபீசர் சீட்டைப் பிரிச்சார். முகம் மலர்ந்துச்சு.

"ரெண்டு கிளாவர்"னார்.

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. நான் சொல்லிக்குடுத்த அதே பாடம்! ஹெட் கிளார்க் வழக்கம்போல பாஸ். மேனேஜர் கையிலயும் நல்ல சீட்டு. ஆட்டின் ஜாதியிலயே ஆறு சீட்டு! பேசுங்க சார், பேசுங்கன்னு மனசுக்குள்ள குதிச்சேன்.

மேனேஜர் எழுந்திரிக்காத குறையா, "பாஸ் சார்"னார்.

பெரிய ஆபீசர் கண்ணாடியைக் கழட்டினார். பஷீர் பாயும் பாஸ். ஏலம் முடிஞ்சு போச்சு. கிளாவர்தான் துருப்பு. பெரிய ஆபீசர் கையில கிளாவர் ஒண்ணு. மேனேஜர் கையில ரெண்டு. மீதி பத்தும் எதிராளிங்ககிட்ட!

பாவம், அவங்க ரெண்டு பேரும் தோக்கறதுக்கு என்னென்னவோ பண்ணிப் பார்த்தாங்க. முடியல. ஒவ்வொரு சுத்து ஜெயிக்கும்போதும் ஹெட் கிளார்க், "மன்னிக்கணும் சார்"னு சொல்லிட்டுத்தான் சீட்டை எடுத்தார்.

ஆட்டம் முடிஞ்சதும் பெரிய ஆபீசர் மெதுவா கேட்டார். "ரெண்டு கிளாவர்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும் சார். ஆனா நீங்க கேட்டதுக்கு மேல நான் எப்படிங்க சார் கேக்கறது?"

"யாருய்யா உமக்கு இப்படி பிரிட்ஜ் சொல்லிக்குடுத்தது?"

மேனேஜர் என்னைக் காட்டினார். நேர்மையான மனுஷன், சொன்ன சொல் தவறாம அதே கையோட மனுவையும் எடுத்து நீட்டினார்.

பெரிய ஆபீசர் படிச்சார். மடிச்சுத் திருப்பிக் குடுத்தார். "இவர் எங்கயும் போக வேணாம். இங்கயே இருந்து, வாரம் மூணு நாள் சாயங்காலம் உங்க எல்லாருக்கும் முதல்லேருந்து சொல்லிக்குடுக்கட்டும். என்ன ரத்தினம், சரிதானே?"

என் பொஞ்சாதி முகம், ஏழு மாசம், கடைசி பஸ், எல்லாம் நாக்கு நுனியில வந்து நின்னுச்சு.

"சரிங்க சார்"னேன்.

பெரம்பலூர் போயிச் சேரும்போது இருட்டிடுச்சு. நடந்ததை ஒண்ணு விடாம சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்ல, அழவும் இல்ல.

"ஏங்க, நாலு நாளா அவங்களையெல்லாம் வாயைத் தொறந்து கேளுங்க, கேளுங்கன்னு கத்தினீங்களே. நீங்க அந்தப் பெரிய ஆபீசர்கிட்ட என்ன கேட்டீங்க?"

"கிளம்பட்டுமா சார்னு கேட்டேன்."