அம்பாரம் சரிந்த அன்று

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நான் விடவில்லை. அதுதான் என்னை விட்டது. சோழவரத்தில் நெல் மூட்டை தூக்கினேன். பழைய மொபெட் ஒன்றில் ரப்பர் வளையங்களைக் கட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டியில் ஒவ்வொரு கம்பெனி கேட்டாக நின்று விற்றேன். இன்று அதே தொழிற்பேட்டையில் என் பெயர் எழுதிய கேட் நிற்கிறது. தண்ணீர் மோட்டாருக்குள் போடும் ரப்பர் வளையம் செய்கிறோம். இவ்வளவும் கட்டியவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். (இப்படி நினைத்த ஒரே ஆள் நான்.)

என் கொள்கை ஒன்றுதான்: சரக்கு நிறைந்திருந்தால் லட்சுமி இருக்கிறாள். ஆர்டர் இருக்கிறதோ இல்லையோ, மெஷின் ஓடும். பெட்டிகளை நெல் மூட்டை போலவே கோடவுன் கூரை வரை அம்பாரமாக அடுக்கவைத்தேன். நடுவில் சந்து விடுவது இடத்துக்குச் செய்யும் துரோகம். புதுப் பெட்டி மேலே ஏறும், விற்பதும் மேலிருந்துதான். அடியில் போனது அடியிலேயே இருக்கும்.

கணக்குப் பார்க்கும் மருமகள் கவிதாவுக்கு இது பொறுக்கவில்லை.

"மாமா, பணமெல்லாம் பொட்டிக்குள்ள தூங்குது. சம்பளம் போட பேங்க்ல வட்டிக்கு வாங்கிக்கினு இருக்கோம். ரப்பரும் நாளானா கெட்டுப்பூடும்."

"ரப்பர் இன்னா கத்திரிக்காயாம்மா, அழுவறதுக்கு?"

அந்த நேரம் பார்த்து என் மொபெட் காணாமல் போனது. ஆயுத பூசைக்கு மாலை போட்டு கோடவுன் மூலையில் நிறுத்திய வண்டி. வாட்ச்மேன் ஏழுமலையைச் சந்தேகப்பட்டேன்.

"நைனா, அத்த ஒருத்தன் ஓட்டினு போனா சத்தம் ஆந்திரா வரிக்கும் கேக்குமே!" என்றார் அவர். (நியாயமான வாதம். ஆனால் முதலாளி நான்.) போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்புறம்தான் பெரிய மோட்டார் கம்பெனியிலிருந்து ஒரு மேடம் சோதனைக்கு வந்தார். அவர் தலையாட்டினால் எங்களுக்கு வாழ்வு. இல்லையென்றால் கேட்டுக்குப் பூட்டு.

மேடம் அம்பாரத்தை அண்ணாந்து பார்த்தார். "இருக்கறதுலயே பழைய பெட்டி எது சார்? அதைத் திறந்து காட்டுங்க."

"மேலருந்து எறக்குனா சாய்ங்காலம் ஆயிடும் நைனா," என்றார் ஏழுமலை.

"தள்ளு. மூட்டை தூக்குன ஒடம்பு இது."

வேட்டியை மடித்துக் கட்டி, அடிவரிசைப் பெட்டி ஒன்றைப் பிடித்து இழுத்தேன். பெட்டி வந்தது. அதன் சொந்தபந்தம் அத்தனையும் கூடவே வந்தது.

கண்ணைத் திறந்தபோது கழுத்து வரை புதைந்திருந்தேன். வளையங்கள் வாசலைத் தாண்டி உருண்டுகொண்டிருந்தன. (நாலைந்து அத்திப்பட்டு வரை போயிருக்கும்.) சரிந்த இடத்தின் நடுவில், காய்ந்த சாமந்தி மாலையும் விளக்கில் சந்தனப் பொட்டுமாக, என் மொபெட்! வண்டி நிற்பதைப் பார்க்காமல் அதைச் சுற்றிப் பெட்டிகளை அடுக்கி, மேலே பெட்டியாலேயே கூரையும் போட்டிருக்கிறோம்.

"வண்டி கெடச்சிருச்சி நைனா," என்ற ஏழுமலை, என்னைத் தூக்காமல் முதலில் அதைத்தான் தொட்டுக் கும்பிட்டார்.

மேடம் ஒரு வளையத்தை எடுத்து வளைத்தார். முறுக்குப் போல ஒடிந்தது.

கவிதாதான் முன்னால் வந்தாள். "மேடம், ஒரேயொரு வாட்டி டைம் குடுங்க. அடுத்து நீங்க வரச்சே இந்த மாதிரி பழசு ஒண்ணும் இருக்காது."

மேடம் என்னைக் காட்டினார். "இவர் இருப்பாரா?"

"கோடவுன்ல இருக்க மாட்டாரு."

அப்படியே ஆயிற்று. கெட்டதைக் கழித்தாள். தரையில் மஞ்சள் கோடு போட்டு நடக்க வழி விட்டாள். முதலில் வந்த பெட்டி முதலில் போக வேண்டும், ஆர்டருக்குத் தக்கபடிதான் மெஷின் ஓட வேண்டும் என்றாள். வங்கிக் கடன் இளைத்தது. மேடம் மறுபடி வந்து, தலையாட்டிவிட்டுப் போனார்.

இன்றும் வீட்டில் என் மூக்குக்கண்ணாடியைக் காணோமென்றால், "போலீசுக்குப் போறதுக்கு மின்னாடி எதுனா ஒண்ண இழுத்துப் பாருங்க," என்கிறாள் என் மனைவி. சிரிக்கட்டும். ஆனால் ஆபீஸ் சுவரில், மேடத்தின் கம்பெனி பரிசாகக் கொடுத்த கேடயத்தோடு கவிதா நிற்கும் படம் மட்டும் தொங்குகிறதே, அதைத்தான் கேட்கிறேன். அம்பாரம் நின்றிருந்தால் அவள் கோடு போடத் தரை எங்கே இருந்தது? அந்தப் பெட்டியை இழுத்தவன் யார்? படத்துக்குக் கீழே என் பெயரும் வர வேண்டும்: 'கோடவுனைக் காலி செய்யும் பணியைத் தொடங்கி வைத்தவர்' என்று. அதுவும் பெரிய எழுத்தில்.