அஞ்சரைக்கு ஏறி பதினொன்றுக்கு இறங்கிய அம்மா

இது சிரிப்புக் கதை. சத்தியமாகச் சிரிப்பீர்கள். ஆனால் இப்போதே இல்லை. இப்போது எங்கள் வீட்டில் இழவு வீட்டுக் களை.

லண்டனில் அக்கா தமிழினிக்குப் பிரசவம். அம்மா போயே ஆகணும். அப்பா மாணிக்கவேல் விட மாட்டேன் என்கிறார். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைச் சூளை வைத்திருக்கிறவர். உலகத்தையே சூளையால்தான் அளப்பார். காலை பத்து மணிக்கு அக்காவுக்குப் போன் போடுவார். "இன்னும் விடியலப்பா" என்பாள். "பொழுது உச்சிக்கு வருது, இன்னும் என்னாடி தூக்கம், சோம்பேறிக் கழுத!" என்பார்.

அவர் குரலிலேயே சொல்கிறேன். தொண்டையில் களிமண் அடைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

"எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரு! ஒடம்பு தாங்குமா அமுதவள்ளி?"

"நானா ஓட்டப் போறேன்? குந்திக்கினுதான போவப் போறேன்."

"ஒரு சூளை வேவுறதுக்கு எட்டு மணி நேரம். அதுக்கு மேல ஆகாசத்துல இருக்கறதா இருந்தா அனுப்ப மாட்டேன். அவ்ளோதான்."

அம்மா சண்டை போடவில்லை. அங்கேயே அப்பா பயந்திருக்கணும். மறுநாள் டிக்கெட்டை நீட்டினாள்.

"காலைல அஞ்சரைக்கு மெட்ராஸ்ல கெளம்புது. பதினொன்னுக்கு லண்டன்ல எறங்குது. நீங்களே கழிச்சுப் பாருங்க."

விரல் விட்டுக் கழித்தார். அஞ்சரை மணி நேரம். அதற்குள் ஒரு பொம்மைக்கு மூக்குகூட வேகாது. முகம் தொங்கிப் போனது. அவருக்கு உடம்பா கவலை? மாசக்கணக்கில் அம்மா இல்லாத வீடு.

"சரி, போயிட்டு வா" என்றார், இடிந்த சூளை மாதிரி.

மெட்ராஸுக்குப் போக மாமாவின் காரில் ஏறும்போது அம்மா என் காதைத் திருகினாள். "நான் எறங்கிப் போன் பண்ற வரைக்கும் வாயத் தொறக்காத."

பிளேன் கிளம்பிய நேரத்துக்கு அப்பா சூளையைப் பற்றவைத்தார். பதினொன்று. போன் வரவில்லை. பன்னிரண்டு. டிவியைப் போட்டார். மழைச் செய்தி. சோற்றைத் தொடவில்லை. நான் சமையல்கட்டில் நின்று அம்மா குரலில், "என்னங்க, சோறு ஆறிப்போவுது!" என்றேன். படக்கென்று எழுந்தார். பாதி வழியில் நின்றார். திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கே சிரிப்பு வரவில்லை.

ஒன்றரைக்குச் சூளையை அணைத்தார்.

"சூளையே வெந்துபோச்சு. அவ இன்னும் எறங்கலியே..."

கண் கலங்கியிருந்தது. கேட்டால் புகை என்றார். கேஸ் சூளையில் ஏது புகை?

நாலரைக்குப் போன் அடித்தது.

"என்னங்க, இப்பத்தான் எறங்கினேன்."

"இப்பவா? பதினொன்னுன்னு சொன்ன?"

"ஆமாங்க. இங்க மணி பதினொன்னுதான்."

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். போனைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். சூளை ஆறுகிற மாதிரி மெள்ள மெள்ள ஆறினார்.

"அப்போ... தமிழினி சோம்பேறி இல்லியா?"