நீ அனுப்பிய இசைத்தட்டு மெஷின் விஷயமாக

அறிவும் பொறுப்பும் நிறைந்தவள் என்று இத்தனை காலம் நான் தவறாக நினைத்திருந்த என் தங்கைக்கு, அண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் நலமாகத்தான் இருப்பீர்கள். இந்த வீட்டிலிருந்து அவ்வளவு தூரத்தில் இருப்பவர்கள் வேறு எப்படி இருப்பார்கள்? இங்கே உன் அண்ணி நலம். அப்பா தேவைக்கு மேலேயே நலம். என் நலத்தை விசாரிக்க இங்கே ஆள் இல்லாததால் அதை நானே விவரமாக எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

அப்பாவின் பிறந்தநாளுக்கு நீ ஒரு மெஷின் அனுப்பினாயே, அதைப் பற்றித்தான். ஒரு மகள் அப்பாவுக்கு என்ன அனுப்புவாள்? ஸ்வெட்டர் அனுப்புவாள், ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி அனுப்புவாள். வீட்டிலேயே இசைத்தட்டு வெட்டுகிற மெஷினை அனுப்பிய மகள் உலகத்தில் நீ ஒருத்தியாகத்தான் இருக்கும். ஏற்கெனவே அப்பாவும், மருந்துக்கடையை மூடிவிட்டு வேலையில்லாமல் திரியும் டானிக் மாமாவும் பழைய ரெக்கார்டு பிளேயர் இரண்டை வாங்கி வைத்துக்கொண்டு ‘நாங்க டிஜே’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஹெட்ஃபோன். அதில் ஆளுக்கு ஒரு காது. அதை நான் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டேன். கடையில் கிடைக்கும் தட்டுகள் தீர்ந்துபோனால் இந்தப் பைத்தியமும் தீர்ந்துவிடும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் நீ பார்சல் அனுப்பி மண்ணைப் போட்டாய்.

மெஷின் என்ன செய்கிறது என்று உனக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டாய். வெறும் பிளாஸ்டிக் தட்டு ஒன்று சுற்றும். அதன்மேல் சூடான ஊசி இறங்கும். கம்ப்யூட்டரில் பாட்டு ஓட ஓட, ஊசி அந்தப் பாட்டைத் தட்டில் கோடாகக் கீறிக்கொண்டே போகும். கீறும்போது முடி மாதிரி கறுப்பு இழை கிளம்பும். அதை உறிஞ்ச ஒரு வாக்குவம் க்ளீனர். அந்தச் சத்தம் அப்பாவுக்கு ஆகாது என்பதால் வாக்குவம் க்ளீனர் குளியலறையில், அதன் குழாய் நடைவழி முழுக்க. குளிக்கப் போகிறவன் குழாயைத் தாண்டிப் போக வேண்டும், உள்ளே போனபின் மெஷினோடு சேர்ந்து குளிக்க வேண்டும். குழாய் உறிஞ்சாமல் விட்ட இழையெல்லாம் வீட்டில் பறக்கிறது. என் சட்டையில் ஒட்டுகிறது, டீயில் மிதக்கிறது. குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, தண்ணீரில் தூசி வருகிறது என்று ஊரே எழுதும் புகாருக்குப் பதில் எழுதுகிறவன் நான். என் டீயில் முடி கிடக்கிறது என்று நான் யாருக்கு எழுத? உனக்குத்தான்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. நேராகவே கேட்டேன். “எல்லாப் பாட்டும் ஃபோன்லயே இருக்கேப்பா, எதுக்கு இந்த வேண்டாத வேலை?” என்றேன்.

“ஃபோன்ல இருக்கிறது எல்லார்கிட்டயும் இருக்கும்டா. நானே வெட்டி ஒட்டி, தாளத்தை நீட்டி, தட்டுல ஏத்தினது என்கிட்ட மட்டும்தான் இருக்கும்” என்றார்.

“உங்ககிட்ட மட்டும் இருக்கக் காரணம், வேற யாருக்கும் அது வேண்டாங்கறதுதான்” என்றேன். நியாயமான பதில்தானே? உன் அண்ணி என்னை முறைத்தாள். அவள் கட்சி மாறிவிட்டாள். தட்டின் நடுவில் ஒட்டும் வட்டக் காகிதத்தில் அழகாகப் படம் வரைந்து கொடுப்பது இப்போது அவள்தான். என் பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து அட்டையாவது வரைந்திருப்பாளா!

எல்லாவற்றையும்விடக் கொடுமை அசையக் கூடாது என்ற சட்டம். ஊசி கீறும்போது தரை அதிர்ந்தால் கோடு கோணிவிடுமாம். அதனால் துவைக்கும் மெஷின் ஓடக் கூடாது, கதவைச் சாத்தக் கூடாது, யாரும் நடக்கக் கூடாது. வாசல் கதவில் அப்பா ஒரு அட்டை மாட்டியிருக்கிறார்: ‘வெட்டு நடக்கிறது. நீங்கள் நடக்காதீர்கள்.’ வேலை முடிந்து வீட்டுக்கு வரும் குடும்பத் தலைவன், கையில் பையோடு, ஒரு பாட்டு முடியும்வரை செருப்பு வைக்கும் இடத்தில் சிலை மாதிரி நிற்கிறேன். அப்பா செய்வது சின்னப் பாட்டும் இல்லை.

இப்படியிருக்க, பல் டாக்டர்கள் சங்கத்தின் ஆண்டு விருந்துக்கு இவர்களைக் கூப்பிட்டார்கள். அப்பா காலமெல்லாம் இந்த டாக்டர்களுக்குத்தான் பல்செட் செய்து கொடுத்தார். அவர்களில் ஒரு அம்மாள் உனக்கு நினைவிருக்கும். அப்பா என்ன செய்து அனுப்பினாலும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தவில்லை, ‘கடி சரியில்லை’ என்று திருப்பி அனுப்புவாரே, அவர்தான் இப்போது தலைவி. அப்பா அதற்காகவே ஒரு தட்டு தயார் செய்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘மெயின் தட்டு’. சோதனை வெட்டுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்துக் குப்பையில் போட்டார். கடைசியாக விருந்து நாளன்று மத்தியானம்தான் சரியானதை வெட்ட உட்கார்ந்தார். அன்றைக்குப் பார்த்து எனக்கு அரை நாள் லீவு. வாசலில் நிற்கிறேன், வெயில், பசி, மூக்கில் ஒரு இழை வேறு. உள்ளேயிருந்து உன் அண்ணி விரலை உதட்டில் வைத்து “உஸ்” என்றாள். கட்டின மனைவி, என் சொந்த வீட்டு வாசலில், என்னைப் பார்த்து உஸ்! நான் காலைக் கொஞ்சம் அழுத்தி ஊன்றி நின்றேன். அவ்வளவுதான். தரையை உதைத்தேன் என்று அவள் சொல்வதை நம்பாதே.

விருந்துக்கு நானும் போனேன். மானம் போகும்போது குடும்பத்தில் ஒருவராவது பக்கத்தில் இருக்க வேண்டாமா? கோட்டு போட்ட டாக்டர்கள் சாப்பிட்டுக்கொண்டே வேர் சிகிச்சை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாளம் பிசகாமல் மாற்றினார். எனக்கே பிசகு தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள். ஆனால் ஒரு கால் அசையவில்லை. நாற்காலிகூட அவர்களைவிட உற்சாகமாக இருந்தது. பிறகு மெயின் தட்டு வந்தது. நன்றாகத்தான் ஓடியது. பாதிப் பாட்டில் ஊசி ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டது. ‘டும் டும் தட், டும் டும் தட்’ என்று அதே துண்டு, திரும்பத் திரும்ப. கோடு பக்கத்துக் கோட்டில் முட்டியிருந்தது. அந்த அதிர்வு யாருடையது என்று இப்போது ஆராய்வது வீண்.

டானிக் மாமா ஊசிப் பக்கம் கையை நீட்டி, “என்னங்க இது, மாட்டிக்கிச்சே! தூக்கிடவா?” என்றார். அப்பா வெளிறிப்போய்த் தட்டையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே போகும் வழியைப் பார்த்துக்கொண்டேன். அப்போது அந்தத் தலைவி அம்மாள் கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். புகார் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். நடு ஹாலுக்கு வந்து, கண்ணை மூடிக்கொண்டு, டும் டும் தட்டுக்கு ஆட ஆரம்பித்தார்! பின்னாலேயே ஒருவர், பிறகு ஒரு மேசை, பிறகு மொத்தச் சங்கமும். வழுக்கைத் தலைகளெல்லாம் குதித்தன. அப்பா ஊசியைத் தூக்கியதும், “மறுபடி அதையே போடுங்க!” என்று கை தட்டிக் கத்தினார்கள். படித்தவர்கள் ரசனை இவ்வளவுதான்.

திரும்பும்போது டாக்ஸியில் அப்பா தட்டை மடியில் வைத்து, அந்தக் கோணல் கோட்டையே விரலால் தடவிக்கொண்டு வந்தார்.

“அதான் எல்லாரும் கை தட்டினாங்களே, இன்னும் என்னப்பா?” என்றேன்.

“சரியா வெட்டினதுக்கு யாரும் தட்டலடா. தப்பா வெட்டினதுக்குத்தான் தட்டினாங்க” என்றார்.

இது ஒரு கவலையா? பாராட்டைக்கூடக் கடி சரியில்லை என்று திருப்பி அனுப்புகிற மனிதரோடு நான் எப்படிக் குடும்பம் நடத்துவது? இதற்கிடையில் கண் டாக்டர்கள் சங்கத்திலிருந்தும் கூப்பிட்டுவிட்டார்கள். காது மூக்கு தொண்டைக்காரர்களும் வந்துவிட்டால் என் கதி என்ன? ஆகவே நீ செய்ய வேண்டியது இது. உடனே அப்பாவுக்கு ஃபோன் செய். மெஷினில் ஏதோ கோளாறு, கம்பெனியே திரும்பக் கேட்கிறது என்று ஒரு பொய் சொல். பொய் சொல்ல உனக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை. பார்சல் செலவு, கூலி, கண்ணீர், எல்லாம் என் பொறுப்பு.

மாப்பிள்ளைக்கு என் மரியாதைகள். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் தங்கள் அப்பாவுக்கு எந்தக் காலத்திலும் பரிசு அனுப்பாத நல்ல பிள்ளைகளாக வளரட்டும்.

இப்படிக்கு,
டீயை வடிகட்டிக் குடிக்கும் உன் அண்ணன்

பி.கு.: இதை உறையில் போடுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. மேலே உள்ளதைக் கிழித்திருப்பேன். கையெழுத்து நன்றாக வந்திருப்பதால் மனசில்லை.

இன்று காலை எழுந்து பார்த்தால் மெஷின் பெட்டிக்குள் இருக்கிறது. நீ அனுப்பியபோது இருந்த மாதிரியே, ஒவ்வொரு துண்டும் அதனதன் பள்ளத்தில். “உன் தங்கச்சிக்கே அனுப்பிடுடா. என்னால வீட்டுல எல்லாருக்கும் தொந்தரவு” என்றார் அப்பா. நான் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷமாகக் காப்பி குடித்தேன். வீடெல்லாம் செருப்புக் காலோடு நடந்தேன்; உஸ் என்று ஒருவரும் தடுக்கவில்லை. உன் அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அப்பா செய்தித்தாளை விரித்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரி விளம்பரம் அது. கொஞ்ச நேரத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒரு தட்டு கோணினா மெஷினையே மூட்டை கட்டிடுவீங்களா? எத்தனை பல்செட் திரும்பி வந்துச்சு, அதுக்காகத் தொழிலையா விட்டீங்க? கண் டாக்டருங்களுக்கு யார் பதில் சொல்றது, நானா?” என்று சத்தம் போட்டேன். பெட்டியைப் பிரித்து நானே பூட்ட ஆரம்பித்தேன். ஊசிக் கையைத் தலைகீழாக வைத்து முடுக்கினேன். அதைப் பார்த்துக்கொண்டு அவரால் உட்கார முடியவில்லை.

“தள்ளுடா, உடைச்சுத் தொலைக்காதே” என்று பிடுங்கிக்கொண்டார்.

ஆகவே ஃபோன் செய்யாதே, பொய்யும் சொல்லாதே. அடுத்த பார்சலில் ஊசி இரண்டு அனுப்பு. ஒன்றை நான் ஏற்கெனவே உடைத்துவிட்டேன். அவருக்கு இன்னும் தெரியாது.