கடிகாரம் தாங்கியது

மனித குல வரலாற்றில் ஒரு கைக்கடிகாரத்துக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் கிடைத்திருக்க முடியாது. அரசர்களுக்கே ஒரு தடவைதான் முடிசூட்டுவார்கள். அந்தக் குளிர்பதனக் கிடங்குக்கு வந்த டிஜிட்டல் கடிகாரத்துக்கு ஏழு கூட்டம் போட்டார்கள்.

அது வந்த காரணம் மிகச் சாதாரணமானது. கிடங்கின் உள்ளறையில் மைனஸ் இருபத்தைந்து டிகிரி. உறைந்த பட்டாணிப் பெட்டிகளை அடுக்குகிற ஆள் அங்கே இருபது நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. வெளியே வந்து பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிக்கொண்டுதான் மறுபடி போக வேண்டும். ஆனால் அந்தக் குளிரில் நேரம் போவது தெரியாது. அதனால் வெளியே ஸ்டூல் போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். இருபதாவது நிமிடம் ஓர் இரும்புத் தடியால் கதவை மூன்று தட்டுத் தட்டுவார். கதவுக்காரர் என்றே அவரைக் கூப்பிட்டார்கள்.

பார்வையிட வந்த தொழிற்சாலை ஆய்வாளருக்கு இந்த ஏற்பாடு போதவில்லை. 'உள்ளே போகிறவர் கையில் உறுதியான கடிகாரம் ஒன்று கட்டப்பட வேண்டும்' என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.

மேலாளர் ஒரு வாரத்தில் வாங்கிவிட்டார். மலையேறுகிறவர்கள் கட்டுகிற கடிகாரம். கறுப்பாக, கனமாக, நான்கு மூலையிலும் திருகாணியோடு இருந்தது. 'எதையும் தாங்கும்' என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தார்கள். வேறு நிர்வாகமாக இருந்தால் அதை அன்றைக்கே ஆளின் கையில் கட்டிவிட்டு வேலையைப் பார்த்திருக்கும். இது பொறுப்புள்ள நிர்வாகம்.

"தாங்கும்னு அவன் அச்சடிச்சா நாம நம்பிடறதா?" என்றார் மேலாளர். "உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். நாம தட்டிப் பாத்துதான் வாங்கணும்."

"வாங்கிட்டோமே சார்," என்றார் கணக்கர்.

"அப்போ தட்டி மட்டும் பாப்போம்."

இப்படித்தான் 'கடிகாரத் தாங்குதிறன் ஆய்வுக் குழு' பிறந்தது. மேலாளர் தலைவர். கணக்கர் செயலாளர். எதற்கும் தலையாட்டக்கூடிய இரண்டு பிரிவுத் தலைவர்கள் உறுப்பினர்கள். குழுவில் 'கள அனுபவம்' உள்ளவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பதால், கதவுக்காரரை ஸ்டூலிலிருந்து எழுப்பிக் கூட்ட அறையில் மெத்தை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அப்படியானால் கதவை யார் தட்டுவது என்ற கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லை.

கேட்டிருக்க வேண்டியவள் ஒருத்தி இருந்தாள். கூட்டக் குறிப்பு எழுதுகிறவள். மேலாளரிலிருந்து காவலாளிவரை எல்லாருக்கும் அவள் மினிட்ஸ் அக்கா. மற்றவர்கள் பேசுவதை எழுதத்தான் அவளுக்குச் சம்பளம். உள்ளறையில் பெட்டி அடுக்குகிறவன் அவளுடைய சொந்தத் தம்பி.

"கதவைத்தான் யாரும் தட்டறதில்லையே, எப்படிடா நேரம் பாக்குற?" என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள்.

"பெட்டிக் கணக்குதான். நாப்பது பெட்டி அடுக்கினா இருபது நிமிஷம்."

"கை விறைச்சா அடுக்கறது மெதுவாகாதா?"

"ஆகும்."

"அப்போ நாப்பது பெட்டிக்கு இருபது நிமிஷம் எப்படிடா?"

தம்பி மென்றுகொண்டே யோசித்தான். "அதான்க்கா, நேத்து வெளிய வந்தப்ப கடைசி பஸ் போயிடுச்சோன்னு நெனச்சேன்."

சிரித்தான். அவள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். அந்தக் கடிகாரம் எப்படியாவது அவன் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அன்றைக்கு முடிவுகட்டினாள். ஆனால் கூட்டத்தில் வாயைத் திறந்தால் வேலை போகும். எழுதலாம், அவ்வளவுதான். எழுதியதை அங்கே யாரும் படிப்பதில்லை. ஒருமுறை சோதனைக்காக, 'தேநீர் ஆறிப்போயிருந்ததற்குக் குழு ஒருமனதாக வருத்தம் தெரிவித்தது' என்று சேர்த்துப் பார்த்தாள். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆய்வு மளமளவென்று நடந்தது. கடிகாரத்தை மாடியிலிருந்து போட்டார்கள். தாங்கியது. வெந்நீரில் ஊறவைத்தார்கள். தாங்கியது. மேலாளர் தம் காரை அதன்மேல் ஏற்றினார். அதையும் தாங்கியது. சந்தேகம் தீராமல் பின்பக்கமாக இன்னொரு தடவை ஏற்றியதில் காரின் பின்விளக்கு தூணில் மோதி உடைந்தது. 'கடிகாரத்துக்குச் சேதமில்லை' என்று பதிவானது.

அடுத்து வசதிகள். திசைகாட்டி இருந்தது. தம் நாற்காலி ஆகாத திசையைப் பார்த்துக் கிடப்பதை மேலாளர் அதன்மூலம் கண்டுபிடித்தார். இரண்டு நாள் மேசை நாற்காலியெல்லாம் நகர்ந்தன. உயரமானி இருந்தது. கணக்கரின் அறை மேலாளரின் அறையைவிட ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பது தெரிந்தது. கணக்கர் அறை மாறினார். உறக்கத்தை அளக்கும் வசதியும் இருந்தது. அதைச் சோதிக்கும் கடமையை மேலாளரே ஏற்று, ஒரு மாதம் கடிகாரத்தை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போனார்.

"நூத்துக்குத் தொண்ணூத்தி ரெண்டு!" என்று ஐந்தாவது கூட்டத்தில் அறிவித்தார். "அவ்வளவு நிம்மதியாத் தூங்கறேனாம்."

"கடிகாரம் பொய் சொல்லாது சார்," என்றார் கதவுக்காரர். மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தபின் அவருக்கும் நல்ல தூக்கம்தான்.

ஆறாவது கூட்டத்தில் மினிட்ஸ் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தாள். "சார், இதுல இருபது நிமிஷத்துக்கு ஒருக்க அடிக்கிற அலாரம் இருக்கா?"

சுவர் பேசியதுபோல எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"நல்ல கேள்வி," என்றார் மேலாளர். "இருக்கும். ஆனா குளிர்ல அடிக்குமா? அதை நாம பாக்கவே இல்லையே! நேரா உள்ளறையிலேயே பாத்துடுவோம். பெட்டியில என்ன போட்டிருக்கான்?"

கணக்கர் படித்தார். "கடுங்குளிர்ல நாப்பது நிமிஷம் தாங்கும்னு போட்டிருக்கு."

"அப்போ நாப்பது."

"ஆளுக்கு இருபதுதானே சார்?" என்றாள் அவள்.

"ஆளையா சோதிக்கிறோம்? கடிகாரத்தைத்தானே?"

அவள் பேனாவை எடுத்து அதையும் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் குழு முழுவதும் உள்ளறைக் கதவுக்கு முன்னால் கூடியது. தம்பியின் கையில் கடிகாரத்தை மேலாளரே கட்டினார். ஒரு தாளும் பென்சிலும் கொடுத்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பொத்தானை அழுத்தி, திரையில் தெரிகிற எண்ணைக் குறிக்க வேண்டும். பொத்தான்கள் கடுகளவு. கையுறையோடு அழுத்திப் பார்த்தான், முடியவில்லை.

"வலது கை உறையைக் கழட்டிடு," என்றார் மேலாளர். "நாப்பது ஆகிறவரைக்கும் வெளிய வராதே. நடுவுல வந்தா ஆய்வு கெட்டுடும், அப்புறம் நாளைக்கு முதல்லேருந்து பண்ணணும்."

"சரிங்க சார்," என்றான். அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தான். கடைசியில் கடிகாரம் கைக்கு வந்துவிட்டதாம்.

கதவில் சாப்பாட்டுத் தட்டளவு கண்ணாடி ஒன்று உண்டு. சரியாக இருபதாவது நிமிடத்தில் தம்பியின் முகம் அதில் தெரிந்தது. கடிகாரத்தைக் காட்டினான். அலாரம் அடிக்கிறது, வரட்டுமா என்று கேட்கிற முகம்.

"அடிக்குது! அடிக்குது!" என்று கணக்கர் கைதட்டினார்.

மேலாளர் பாராட்டாகத் தலையசைத்து, கண்ணாடிக்கு முன்னால் இரண்டு விரலைக் காட்டினார். இன்னும் இருபது.

முகம் மறைந்தது. தேநீர் வந்தது. இருபத்தைந்தாவது நிமிடம் கண்ணாடியில் தம்பி தெரியவில்லை. முப்பதாவது நிமிடமும் தெரியவில்லை. சுவரில் கதவுக்காரரின் இரும்புத் தடி மாட்டிய இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மினிட்ஸ் அக்கா நோட்டைத் தரையில் போட்டாள். தடியை எடுத்துக் கதவை இடித்தாள். மூன்று தட்டோடு நிற்கவில்லை.

"ஏம்மா, அது என் தடி!" என்றார் கதவுக்காரர்.

"தெரியும்ண்ணே! நீங்க தட்டியிருந்தா நான் ஏன் எடுக்கிறேன்?"

தட்டி என்ன பயன்? கைப்பிடியை இழுத்து அவளே கதவைத் திறந்தாள். தம்பி பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தான். விரல் பொத்தானில் படுகிறதா இல்லையா என்றே அவனுக்குத் தெரியவில்லை. "எத்தனைக்கா குறிக்கணும்?" என்று கேட்டான். நாக்கு குழறியது.

"முப்பத்தோரு நிமிஷம்தான் ஆச்சு," என்றார் மேலாளர் வருத்தத்தோடு. "பரவாயில்லை, மினிட்ஸ்ல நாப்பதுன்னு போட்டுக்கோங்க."

மருத்துவமனையில் பத்து நாள் பார்த்தார்கள். வலது கையில் இரண்டு விரல் நுனிகள் கறுத்துப்போயின. பிறகு எடுத்துவிட்டார்கள்.

ஏழாவது கூட்டம் வெற்றிக் கூட்டம். இத்தனை சோதனையைத் தாங்கிய கடிகாரத்தைக் குளிரில் போட்டு வீணாக்கக் கூடாது, வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று தீர்மானமானது. கதவுக்காரர் மாலை வாங்கிவந்திருந்தார்.

"அறிக்கையை அடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார் மேலாளர்.

"அடிச்சிட்டேன் சார். எல்லாச் சோதனையும் நடந்தது நடந்தபடி இருக்கு. படிச்சுப் பாத்துட்டு..."

"படிக்க என்ன இருக்கு? நாமதானே செஞ்சோம்." பேனாவைத் திறந்தார். தாள் கைமாறிக் கைமாறி மேசையைச் சுற்றி வந்தது. "அந்த ஆய்வாளருக்கு இன்னிக்கே ஒரு பிரதி அனுப்பிடுங்க. இந்த நிர்வாகம் எப்படி வேலை பாக்குதுன்னு அவரும் தெரிஞ்சுக்கட்டும்."

"இப்பவே அனுப்பறேன் சார்," என்றாள் மினிட்ஸ் அக்கா.

உறையை ஒட்டுவதற்கு முன் கடைசிப் பக்கத்தை ஒருமுறை சரிபார்த்தாள். பிழை எதுவும் இல்லை.

'கடுங்குளிர்ச் சோதனை: தலைவரின் உத்தரவுப்படி, கையுறை கழற்றப்பட்டு, முப்பத்தோரு நிமிடம். அலாரம் இருபதாவது நிமிடத்தில் அடித்தது, குழு கேட்டது. கடிகாரத்துக்குச் சேதமில்லை. ஆளுக்குச் சேதம், இரண்டு விரல் நுனிகள். சோதனையை நடத்தியவர்கள், கீழே ஒருமனதாகக் கையெழுத்திட்டுள்ள ஐவர்.'