கதவில்லாத புற்றும் இரண்டு காவலர்களும்

ஒரு காட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு கறையான் புற்று இருந்தது. அதில் பல்லாயிரம் கறையான்கள் இருந்தன. சட்டங்கள் அதைவிட அதிகம்.

முதல் சட்டம், வெளியார் யாரும் உள்ளே வரக்கூடாது, தபால்காரர் உட்பட. இரண்டாம் சட்டம், வெளியிலிருந்து ‘வளர்க’ என்று உத்தரவு வராமல் உள்ளே ஒரு வாய் மண்கூட வைக்கக்கூடாது.

இரண்டையும் காப்பாற்றுவதற்காகக் காவலர்களைச் சுவரிலேயே பதித்திருந்தார்கள். தலையும் கையும் வெளியே, முதுகும் பின்னங்காலும் உள்ளே. சுவரோடு வழுக்கிக்கொண்டு நகரலாம், இறங்க முடியாது. உத்தரவு வந்தால் இரண்டு காவலர்கள் சேர்ந்து பிடிக்க வேண்டும். பிறகு ஒருவர் முதுகில் மற்றவர் பின்னங்காலால் முத்திரை குத்த வேண்டும். தனக்குத் தானே குத்திக்கொண்டால் செல்லாது. உள்ளே இருப்பவர்கள் உத்தரவைப் பார்ப்பதே இல்லை. முதுகைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்குவார்கள்.

சிரிக்காதீர்கள். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லின் சுவரிலும் ஏறக்குறைய இதே நிர்வாகம்தான். வளர்ச்சிக் காரணி என்று ஒன்று வாசல்வரைதான் வரும். சுவரில் நிற்கும் ஏற்பிகள் இரண்டு அதைச் சேர்ந்து பிடித்தால்தான் உள்ளே காரியம் நடக்கும்.

புற்றின் கிழக்குச் சுவரில் சடையாண்டியும் மாயழகும் காவல். மூன்று மழைக்காலமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம், ஆண்டுப் படிவத்தில் ‘உடன் பணிபுரிபவரைப் பற்றிய கருத்து’ என்ற கட்டத்தில் சடையாண்டியைப் பற்றி மாயழகு ‘பரவாயில்லை’ என்று எழுதியிருந்தான்.

ஐப்பசியில் ஒரு நாள் கரடி வந்து மேற்குச் சுவரைப் பிறாண்டிவிட்டுப் போனது. முட்டை அறை திறந்துவிட்டது. வானம் கறுத்தது. தொழிலாளிகள் வாயில் மண்ணோடு மேற்பார்வையாளர் கிளியம்மை முன்னால் வரிசையில் நின்றார்கள்.

“வைக்கட்டுமாம்மா?”

“உத்தரவு வரலியே.”

“மழை வருதே?”

“உத்தரவு வர்றவரை வாயிலேயே வச்சிரு.”

உடைந்த பக்கத்திலிருந்து ஒரு மரவட்டை உத்தரவோடு கிழக்குச் சுவருக்குக் கிளம்பியிருந்தது. தாள் எதுவும் இல்லை; அதன் வளைந்த உடம்புதான் உத்தரவு. இந்தக் காவலர்களின் கைக்குத்தான் அது பொருந்தும். அத்தனை கால் இருந்தும் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது.

சடையாண்டி ஒரு முனையைப் பிடித்தான். “மறுமுனையை அங்கே ஒருத்தர் இருக்காரே, பரவாயில்லைன்னு எழுதுறவர், அவர்கிட்டக் கொடு.”

“அவ்வளவு நீளம் நான் இல்லீங்க. நீங்கதான் கொஞ்சம் நகரணும்.”

“அவரை நகரச் சொல்லு.”

மாயழகு வானத்தைப் பார்த்து, “சிலருக்கு நகரவே தெரியாது” என்றான்.

முதல் துளி விழுந்தது. உள்ளே செவிலிக் கறையான்கள் முட்டைகளை அணைத்துக்கொண்டு அலறிய அலறல் சுவர் வழியாக இருவர் காலிலும் அதிர்ந்தது. சடையாண்டி ஒரு அடி நகர்ந்தான். மாயழகு இரண்டு அடி நகர்ந்தான். நடுவில் சந்தித்து, மரவட்டையைச் சேர்ந்து பிடித்து, ஒருவர் முதுகில் ஒருவர் ஓங்கிக் குத்தினார்கள்.

முதுகைப் பார்த்த கறையான் அடுத்ததைத் தட்டியது, அது அடுத்ததைத் தட்டியது. செய்தி அடித்தளம்வரை ஓடியது. மழை வலுப்பதற்குள் சுவர் அடைபட்டது. ஒரு வரிசை முட்டைதான் நனைந்தது.

வேறு கதைசொல்லியாக இருந்தால் இங்கே நிறுத்தி ஒற்றுமையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியிருப்பார். ஆனால் அந்த இருவரும் பிடித்த பிடியை விடவில்லை.

“‘பரவாயில்லை என்று சொன்னால் போதாது, ரொம்ப நல்லவர்’னுதான் எழுத நெனச்சேன். கட்டம் பத்தலை” என்றான் மாயழகு.

“அடப்பாவி! இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!” சடையாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

கை சேர்ந்திருக்கும்வரை முத்திரை காயாது. முத்திரை காயாதவரை வேலை நிற்காது. அடைத்த சுவர்மேல் இன்னொரு சுவர் எழுந்தது. அதன்மேல் இன்னொன்று. நடைபாதை அடைபட்டது. காற்றுத் துளைகளும் ஒவ்வொன்றாக மூடின. முட்டை அறை கொதித்தது.

“போதும், நிறுத்துங்க!” என்று கத்தினாள் கிளியம்மை.

“முத்திரை ஈரமா இருக்கேம்மா” என்றார்கள் தொழிலாளிகள்.

அவள் ஓடிப்போய் மாயழகின் காலைத் தட்டினாள். “விடுங்கப்பா, உள்ளே மூச்சு முட்டுது.”

“ரெண்டு நிமிஷம்மா. மூணு வருஷத்துப் பேச்சு மிச்சம் இருக்கு.”

இதற்கும் ஒரு சட்டம் இருந்தது. சுவரை உள்பக்கமாகப் பை போலச் சுருட்டி, காவலர்களையும் அவர்கள் பிடித்திருப்பதையும் சேர்த்து இழுத்துச் செரிப்புக் குழியில் போட வேண்டும். இழுத்தார்கள்.

“நான் உத்தரவு கொண்டுவந்தவன்ங்க!” என்று அலறியது மரவட்டை.

“வெளியார் உள்ளே வரக்கூடாதுன்னு சட்டம். நீ இப்போ உள்ளே இருக்கே” என்றார்கள்.

குழிக்குள்ளிருந்து கொஞ்ச நேரம் பேச்சும் சிரிப்பும் கேட்டன. பிறகு கேட்கவில்லை. வேலை நின்றது. துளைகளைத் திறந்தார்கள். முட்டைகள் பிழைத்தன. கிளியம்மைக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் கிழக்குச் சுவருக்குப் புதிதாக இருவரை நியமித்தாள். பதிக்கும் முன் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்து, காதோடு சொன்னாள்:

“பக்கத்து ஆள்கிட்ட ஜாக்கிரதையா இரு. உன்னைப் பத்தி என்னென்னமோ சொல்லிட்டுத் திரியறார்.”

நீதி: ஒற்றுமையே பலம். பயன்படுத்திய பின் உடனே பிரித்து வைக்கவும்.