மன்னிக்கிற டிரைவர்

2009 ஜனவரி முதல் தேதி. புதுவருஷப் பூசை முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு தீர்மானம் எடுத்தேன். இந்த வருஷம் இருநூறு கஜம் அடித்தே தீருவது.

கஜம் என்றதும் புடவைக் கடை ஞாபகம் வந்தால் அது உங்கள் தப்பில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நான் சொல்வது கோல்ஃப்.

என் பெயர் தேவசகாயம். கடலூரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் ஆபீசர். ஐம்பது வயது. அதுவரை நான் அடித்த ஒரே பந்து, ஒன்பதாம் வகுப்பில், ஹெட்மாஸ்டர் அறை ஜன்னலுக்குள் போனது. அதற்கப்புறம் பந்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் புது மேனேஜர் சேரன். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். மலேசியாவிலிருந்து வந்தார். வந்ததும் ஃபேக்டரிக்குப் பின்னால் கிடந்த காலி நிலத்தைச் சுத்தம் செய்து, ஆறு குழி வெட்டி, ஆறிலும் கொடி நட்டு, புல் வளர்த்தார். புல்லைப் பார்த்து ஆடுகள் வந்தன. மேனேஜரைப் பார்த்து ஆபீசர்கள் வந்தோம்.

வராமல் முடியுமா? மார்ச்சில் பர்ச்சேஸ் மேனேஜர் ரிட்டையர் ஆகிறார். அந்த இடத்துக்கு இரண்டு பேர் போட்டி. ஒன்று நான். இன்னொன்று அக்கவுண்ட்ஸ் காத்தவராயன். ஜெயிப்பவருக்குக் கடலூரிலேயே ஏசி ரூம். தோற்பவருக்குச் சிதம்பரம் டிப்போ. டிப்போ என்றால் ஒரு தகர ஷெட், ஒரு எடை மெஷின், ஒரு வாட்ச்மேன். வாட்ச்மேனுக்குக் காது கேட்காது.

என் மனைவி சவரியம்மாளுக்கு மட்டும் சிதம்பரம் சொர்க்கம். அங்கே ஒரு ஸ்கூலில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு டீச்சர். தினம் காலையில் பஸ்ஸில் போய், சாயங்காலம் பஸ்ஸில் கசங்கி வருவாள்.

"சிதம்பரத்துக்கே குடி போயிடலாங்க."

"பாக்கலாம்."

இந்த உரையாடலும் இருபத்திரண்டு வருஷமாக நடக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். கிரவுண்டில் காத்தவராயன் அடித்தால் பந்து நூற்றைம்பது கஜம் நேராகப் போகும். என் பந்தும் நேராகத்தான் கிளம்பும். எழுபது கஜத்தில் வீட்டில் ஏதோ மறந்து வைத்துவிட்டது போல வலது பக்கம் திரும்பி, சவுக்குத் தோப்புக்குள் போய்விடும். அந்தத் தோப்பில் விறகு பொறுக்க வருகிறவர்கள் தலையில் அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

சேரன் சார் ஒருநாள் என் தோளில் கை போட்டார்.

"சகாயம் சார், தப்பு உங்க மேல இல்ல. உங்க டிரைவர் மேல."

கோல்ஃபில் முதல் அடிக்கு எடுக்கிற நீளமான மட்டைக்கு டிரைவர் என்று பேர். இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாசம் ஆனது.

"உங்களுக்குத் தேவை ஃபர்கிவிங் டிரைவர். மன்னிக்கிற டிரைவர். நீங்க ஓரத்துல அடிச்சாலும் நடுவுல அடிச்சதா நெனச்சுக்கிட்டு நேரா அனுப்பும். தலை பெருசா இருக்கணும். நானூத்தி அறுபது சிசி."

"சார், நான் முன்ன வெச்சிருந்த பைக்கே நூறு சிசிதான் சார்."

அவர் சிரிக்கவில்லை. "முகம் பன்னெண்டு டிகிரி சாய்ஞ்சிருக்கணும். அப்பதான் பந்து மேல எழும்பும். தண்டு லேசா, வளையறதா இருக்கணும். உங்க வயசுக்கு வேகம் பத்தாது பாருங்க. மார்ச் முதல் ஞாயிறு மேட்ச். அன்னிக்குப் பாத்துட்டு ஒரு முடிவு எடுக்கலாம்."

முடிவு என்று சொல்லும்போது காத்தவராயனைப் பார்த்தார். காத்தவராயன் வானத்தைப் பார்த்தான். நான் சவுக்குத் தோப்பைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே துபாய்க்குப் போன் போட்டேன். அஷ்பாக் லால்பேட்டைக்காரன். எங்கள் ஸ்டோர்ஸில் வேலை பார்த்துவிட்டுத் துபாய் போனவன். பிப்ரவரியில் லீவில் வருகிறான். வரும்போது வாங்கி வரச் சொல்லலாம். கல்ஃபிலிருந்து கோல்ஃப்! சவரிக்குத் தெரியக்கூடாது என்று தோட்டத்தில் முருங்கை மரத்தடியில் நின்று பேசினேன். லைன் சரியில்லை. கத்த வேண்டியிருந்தது.

"தலை பெருசா இருக்கணும்டா அஷ்பாக்! உடம்பு லேசா இருக்கணும். கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கணும், எனக்கும் வயசாவுதில்ல. நான் எங்க தப்பா அடிச்சாலும் மன்னிச்சுடணும். தூரம் ஜாஸ்தி போவணும். ஆமாண்டா, டிரைவர்! டிரைவர்!"

போனை வைத்துத் திரும்பினேன். சவரி கையில் காப்பியோடு நின்றாள்.

"யார அடிக்கப் போறீங்க?"

"அடிக்கிறதா? அது... டிரைவர்."

"டிரைவரையா அடிக்கப் போறீங்க?"

"இல்லடி. நம்ம காருக்கு டிரைவர் வெக்கலாம்னு ஒரு யோசனை."

எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது.

"அதுக்கு எதுக்குத் தலை பெருசா?"

"மூளை இருக்கணுமில்ல."

"ஒடம்பு லேசா?"

"மைலேஜ் குடுக்கும்."

"வளைஞ்சு கொடுக்கணும்?"

"மரியாதை தெரியணுமில்ல."

"எங்க தப்பா அடிச்சாலும் மன்னிக்கணும்?"

"ஹார்ன்! நான் ஹார்ன தப்பா அடிச்சாலும்..."

"டிரைவர் வெச்சப்புறம் ஹார்ன நீங்க எதுக்கு அடிக்கிறீங்க?"

கணக்கு டீச்சரைக் கட்டிக்கொண்டால் இதுதான். விடை சரியாக இருந்தாலும் வழிமுறை கேட்பார்கள். நான் காப்பியைக் குடித்தேன். நாக்கு வெந்தது.

"தூரம் ஜாஸ்தின்னீங்களே, எவ்ளோ தூரம்?"

"என்னா... ஒரு நாப்பது அம்பது கிலோமீட்டர்."

"கடலூர்லேருந்து சிதம்பரம் நாப்பத்தஞ்சு." அவள் குரல் கம்மியது. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இருவத்திரண்டு வருஷமா பஸ்ல நசுங்குறாளேன்னு இப்பவாச்சும் தோணுச்சே உங்களுக்கு. டிரைவருக்கு எதுக்குத் துபாய்ல சொல்லி வெக்கணும்? ஆளு எங்க வீட்லயே இருக்கு."

"ஆமா, உனக்காகத்தான்" என்றேன்.

திங்கட்கிழமை காலையில் ராஜமாணிக்கம் வந்து இறங்கினார். சவரியின் சித்தப்பா. முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். நான் ஆபீசுக்கு ஓட்டிப்போகும் என் அருமைக் காரில் சவரி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து சிதம்பரம் போனாள். நான் பஸ் ஸ்டாப்பில் நின்று டாட்டா காட்டினேன்.

ராஜமாணிக்கத்திடம் ஒரே ஒரு பழக்கம். பஸ் ஸ்டாப்பைப் பார்த்தால் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும். ஆலப்பாக்கத்தில் நிறுத்துவார். புதுச்சத்திரத்தில் நிறுத்துவார். பி.முட்லூரில் நிறுத்துவார். நிறுத்தினால் ஜனங்கள் ஏறுவார்கள். மனுஷர் யாரையும் இறங்கு என்று சொல்லமாட்டார். ஒரு வாரத்தில் என் காரின் பின்சீட்டில் இறால் வாடை ஏறிவிட்டது.

"சித்தப்பாவுக்குக் கோவமே வர்றதில்ல. நீங்க கேட்ட மாதிரியே மன்னிக்கிற டிரைவர்" என்றாள் சவரி.

பிப்ரவரி மூன்றாம் வாரம் அஷ்பாக் ஆபீசுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனான். உறையைப் பிரித்தேன். அடடா! தலை ஒரு சின்னப் பானை அளவு. கறுப்பாகப் பளபளத்தது. என் முகம் அதில் தெரிந்தது. அதில் நான் மேனேஜர் மாதிரியே இருந்தேன்.

அன்று யாரும் இல்லாத நேரம் பார்த்து கிரவுண்டுக்குப் போய் அடித்தேன். நடுவில் படவில்லை. ஓரத்தில்தான் பட்டது. ஆனாலும் பந்து எழும்பியது. நேராகப் போனது. வலது பக்கம் திரும்பவேயில்லை. அடிவைத்து அளந்தேன். நூற்றெண்பது! மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று தலைதூக்கிப் பார்த்தது. என்னை முதல்முறையாக மரியாதையாகப் பார்த்த ஜீவன் அதுதான். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

வீட்டில் பீரோவுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். வைத்து நாலு நாள்கூட ஆகவில்லை.

"என்னாங்க இது?"

சவரி கையில் என் டிரைவர்.

"அது... உங்கப்பாவுக்கு. ஊணுகோல்."

"ஊணுகோலா? இவ்ளோ பெரிய தலை?"

"தலை மேல இருக்கணும். கையில புடிக்க வாட்டமா. துபாய்ல பெரியவங்கல்லாம் இதான் வெச்சிருக்காங்களாம். அஷ்பாக் கொண்டாந்தான்."

அவள் அதைத் தலைகீழாக ஊன்றி நாலடி நடந்து பார்த்தாள். கண் மறுபடி கலங்கியது.

"எங்கப்பாவ நெனச்சுப் பாக்க ஒங்களுக்கு இப்பதான் நேரம் வந்துச்சு. நாளைக்கே குடுத்துடறேன்."

"நாளைக்கேவா? நிதானமா ஈஸ்டருக்குக் குடுக்கலாமே..."

"அவருக்கு எழுவத்தெட்டு வயசு. ஈஸ்டர் வரைக்கும் என்னாத்துக்கு?"

மறுநாள் வியாழக்கிழமை. காரில் சவரி போனாள். அவள் மடியில் என் நூற்றெண்பது கஜம் போனது.

சனிக்கிழமை, "ஆபீஸ் வேலை" என்று சொல்லிவிட்டு இரண்டு பஸ் மாறி, மாமனார் ஊரான கிள்ளைக்குப் போனேன். மறுநாள் மேட்ச். மாமனார் காலில் விழுந்தாவது வாங்கிவிட வேண்டும். போய் இறங்கினால், மாமனார் எதிரே சைக்கிளில் வருகிறார்.

"வாங்க மாப்ள! என்னா திடீர்னு?"

"மாமா, அந்தத் தடி..."

"என்னா தடி?"

"சவரி குடுத்தாளே, ஊணுகோல்."

"எனக்கா? எனக்கு எதுக்கு மாப்ள ஊணுகோலு?" சைக்கிளில் ஒரு வட்டம் அடித்துக் காட்டினார். "நீங்கதான் கொஞ்சம் தளந்து போயிருக்கீங்க. உள்ள வாங்க, நண்டு இருக்கு."

நண்டைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்ததும் பட்டும் படாமலும் கேட்டேன்.

"அப்பாகிட்ட அந்தத் தடிய குடுத்துட்டியா சவரி?"

"குடுக்க வேண்டியவங்ககிட்ட குடுத்தாச்சு."

அதற்கு மேல் கேட்கவும் முடியவில்லை. கேட்டால் நான் கிள்ளைக்குப் போனது வெளியே வரும்.

ஞாயிற்றுக்கிழமை. முதல் பூசைக்குச் சவரியோடு போய்விட்டு, பழைய மட்டையைத் தூக்கிக்கொண்டு, கார் தனக்கு வேண்டுமென்று சவரி சொன்னதால் பஸ்ஸில் கிரவுண்டுக்குப் போனேன். காத்தவராயன் வெள்ளைத் தொப்பி போட்டு நின்றான். சேரன் சார் அடிக்கத் தயாராக இருந்தார். அவர் கையில் கறுப்பாக, பளபளவென்று, என் டிரைவர்.

அடித்தார். பந்து போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. இருநூற்று முப்பது கஜம்.

"சகாயம் சார்!" ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "இப்படி ஒரு பரிசா? வியாழக்கிழமை சாயங்காலம் உங்க மிஸஸ் எங்க வீட்டுக்கு வந்து குடுத்தாங்க. 'அவருக்கு முதுகு புடிச்சிருக்கு, இனிமே ஆடப்போறதில்ல, உங்க கையில இருந்தா சந்தோஷப்படுவாரு'ன்னு சொன்னாங்க. என் ஒய்ஃப் சிந்துஜா அவங்ககிட்ட எட்டாங்கிளாஸ் படிச்சவ, தெரியுமா? டீச்சர் உள்ள வந்ததும் எழுந்து நின்னவ, அவங்க போற வரைக்கும் உக்காரவே இல்ல."

எனக்கு உண்மையாகவே முதுகு வலிக்க ஆரம்பித்தது.

"நீங்க கூச்சப்பட்டுக் கேக்காம இருந்தத அவங்களே சொல்லிட்டாங்க. 'பொண்டாட்டி தினம் நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் போறாளேன்னு ராத்திரி தூங்கறதில்ல, சிதம்பரம் கெடைச்சா போதும்ங்கிறாரு'ன்னு. சிந்துஜா எனக்கு யோசிக்கவே டைம் குடுக்கல. வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டேன். நாளையிலேருந்து சிதம்பரம் டிப்போ உங்களது!"

காத்தவராயன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். விடவேயில்லை.

"அண்ணே, அண்ணியத் தெய்வம்னு நெனச்சுக்குங்க" என்றான். அவன் நினைத்துக்கொண்டுவிட்டான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். இன்றைக்கு ஆம்பளையாகப் பேசிவிடுவது. வாசலில் ஒரு மினி லாரி நின்றது. ராஜமாணிக்கம் மேலே நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அதையெல்லாம் பார்க்காத மாதிரி உள்ளே போனேன்.

"சவரி! அது கோல்ஃப் மட்டைன்னு உனக்கு எப்ப தெரியும்?"

"முருங்க மரத்துக்கிட்ட நின்னு கத்துனீங்களே, அப்பவே. சிந்துஜா வீட்லயும் நாள் பூரா இதே பேச்சுதானாம்."

"தெரிஞ்சுக்கிட்டே எதுக்குடி கார் டிரைவர கொண்டாந்த?"

"நீங்கதான கேட்டீங்க?"

"ஊணுகோல்னு சொன்னப்ப கண்ணு கலங்கினியே?"

"சிரிப்ப அடக்குனா எனக்குக் கண்ணுல தண்ணி வரும்."

நெஞ்சை நிமிர்த்தினேன். குரலை உயர்த்தினேன்.

"இங்க பாரு. நான் சிதம்பரம் வரமாட்டேன். இதுதான் என் முடிவு. உலகமே தலைகீழா நின்னாலும் இந்த எடத்த விட்டு அசையமாட்டேன்!"

"சரிங்க. வரவேணாம்" என்றாள் சவரி. கோபமே இல்லை. "வீட்டு ஓனர் அஞ்சு மணிக்குச் சாவி வாங்க வருவாரு. குடுத்துடுங்க." கைப்பையை எடுத்துக்கொண்டு காரில் போய் ஏறினாள்.

எதிர்ப்பைக் காட்ட அங்கேயே சட்டமாக உட்கார்ந்துவிடலாம் என்று திரும்பிப் பார்த்தேன். உட்கார ஒரு முக்காலிகூட இல்லை. எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிட்டிருந்தார்கள்.