சித்தூரில் பெய்த பனி

சித்தூர்,
12 சூன் 1979.

பெருமதிப்பிற்குரிய மாமா கிருபானந்தம் அவர்களுக்குத் தங்கள் மைத்துனன் தேவானந்தம் வணங்கி வரைவது. ஆண்டவர் அருளால் இங்கு அனைவர்க்கும் உடல்நலம் குறைவின்றி உள்ளது. என் தொண்டை மட்டும் கட்டிவிட்டது. அதன் காரணமே இம்மடல். திருப்பதியில் தாங்களும் என் அக்காளும் நலமென நம்புகிறேன். இதனைப் படிக்குமுன் அக்காளை நாற்காலியில் அமரச் செய்க.

தங்கள் மகன் தனராசுக்கு என் மகள் லோயிசை மணமுடிக்க வேண்டும் என்பது நம் இரு குடும்பத்தின் விருப்பம். என் மனைவி கிருபாவதியின் விருப்பம் அன்று. உயிர்த்தெழுந்த திருநாளன்று பிள்ளையாண்டான் வந்தானே, ஒரு கோணிப்பை நிறையக் கல்லுடன்! பை முழுவதையும் கூடத்தில் கொட்டினான். "இதுல இன்னா கீது?" என்றாள் கிருபாவதி. "கீறல் கீது அத்தை. பனிப்பாறை தேச்சிக்கினு போன கீறல்" என்றான். "அது இருக்கட்டும், வேலை எப்போ?" என்றாள். "இதான் அத்தை வேலை" என்றான். அன்று மூடிய வாயை அவள் இரண்டு வாரம் திறக்கவில்லை. திறந்தபோது, "கல்லு பொறுக்கினு திரியறவனுக்கு எம் பொண்ணக் குடுக்கறதுக்கு, அந்தக் கல்லையே அவ கழுத்துல கட்டிடலாம்" என்றாள்.

அவன் அறிவின் பெருமையை ஊரறியச் செய்தால் இவளும் அறிவாள் என்று எண்ணி, நம் கோயில் பள்ளித் திடலில் தமிழ்ச் சங்கத்தின் சார்பில் நேற்று மாலை அவனுக்கு ஒரு சொற்பொழிவு ஏற்பாடு செய்தேன். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இவ்வுலகம் நிலநடுக்கோடு வரை பனியால் மூடப்பட்டுக் கிடந்ததாம். கண்டங்கள் யாவும் ஒட்டியும் பிரிந்தும் அலைந்தனவாம். நல்ல பொருள்தான். அவன் தந்த தலைப்போ 'ஐஸ் யுகம்'. ஐஸ் என்பது தள்ளுவண்டியில் குச்சியில் செருகி விற்கும் பண்டம், அது என் மேடையில் ஏறாது என்று அடித்துவிட்டு, 'உலகெங்கும் பனி' என்று என் கையாலேயே எழுதினேன். "வேணாம் மாமா, ஐஸ்னே இருக்கட்டும், ஜனங்களுக்குப் புரியும்" என்று மன்றாடினான். நான் இணங்கவில்லை. தெலுங்கில் பனி என்றால் வேலை என்பது இந்நகரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எழுதும்போது தமிழ் ஒன்றே என் நெஞ்சில் இருந்தது.

ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் தெருத்தெருவாக அறிவிக்கப் போனவன் ரங்கையா. அவன் தாய்மொழி தெலுங்கு. நான் தந்த தாளைப் படித்தவன், மக்களுக்கு உதவுவதாக எண்ணி, "ப்ரபஞ்சமந்தா பனி! அந்தரூ ரண்டி!" என்று கடைத்தெரு முழுவதும் முழங்கிவிட்டான். உலகமெல்லாம் வேலை, எல்லோரும் வாருங்கள்! அரபு நாட்டுக்கு ஆளெடுக்கிறார்கள் என்று ஊர் திரண்டது. என் முப்பதாண்டு மேடை வாழ்வில் அத்தகைய கூட்டத்தை நான் கண்டதில்லை. ஒவ்வொருவர் கக்கத்திலும் சான்றிதழ் உறை. தமிழார்வம் என்று நினைத்து நான் கண் கலங்கினேன், மாமா! தனராசு என்றால் செல்வத்துக்கு அரசன் என்று பொருள் விரித்து அவனை அறிமுகம் செய்தேன். முன்வரிசை எழுந்து கும்பிட்டது.

கடல்கொண்ட தென்னாட்டைப் பற்றி நான் முழங்கி அமர்ந்ததும் உங்கள் மகன் எழுந்து, "மாமா சொல்ற மாதிரி நிலம் ஒண்ணும் முழுகல. நாம நிக்கிற இந்த நிலமே தென்துருவத்துப் பக்கம் இருந்து நகந்து வந்தது" என்றான். நான் முப்பதாண்டு மூழ்கடித்ததை ஒரு மூச்சில் மேலே தூக்கிவிட்டான். "நிலமே பனி தேடிக்கினு வந்துகீதுடா!" என்று கூட்டத்தில் ஒருவன் வியந்தான். பிறகு கேள்விகள்.

"சார், பனி எல்லா நாட்லயும் கீதா?"

"எல்லாக் கண்டத்துலயும் இருந்ததுக்கு அடையாளம் கீது."

"மஸ்கட்ல?"

"ஓமன்லயா? அங்க ரொம்ப நல்லாவே கீது."

கைத்தட்டல் அடங்க நெடுநேரமாயிற்று.

"எத்தினி வருசம் சார் இருக்கும்?"

"லட்சக்கணக்குல."

"பர்மனென்ட்டுடா டேய்! சார், அங்க துன்றதுக்கு?"

"அப்போ ஏது சோறு? வெறும் பாசிதான்."

"பரவால்ல சார், பாசி துன்னுகினு இருந்துடறோம். எப்போ ஸ்டார்ட்டு?"

"ஸ்டார்ட்டா? அது முடிஞ்சே அறுபது கோடி வருசம் ஆச்சிங்க."

எழுந்த ஓலத்தை நான் விவரிக்கப் போவதில்லை. நாற்காலிகள் பள்ளிக்குச் சொந்தமானவை என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். ஒலிவாங்கியைக் கையில் பிடித்து, "பெருமக்களே! பனி என்பது வேலை இல்லை!" என்று என் குரலனைத்தையும் திரட்டிக் கூவினேன். தொண்டை போனது அங்கேதான். "வேலை இல்லன்றாரு பெரியவரு. ரொம்பிடிச்சி போல. வூட்டாண்ட போயி சிபாரிசு கேப்போம்" என்று கலைந்தார்கள். உங்கள் மகன் கடைசிப் பேருந்தில் திருப்பதிக்குத் தப்பிவிட்டான். இன்று காலை முதல் என் வாயிலில் வரிசை, மாமா! நகரியிலிருந்தும் வந்துவிட்டார்கள். கிருபாவதி எட்டி எட்டிப் பார்க்கிறாள். ஒரு சொல்லும் பேசவில்லை. அவளது மௌனத்தின் பொருளை நானறிவேன்.

ஆகவே முடிவாக உரைக்கிறேன். அறுபது கோடி ஆண்டுகளுக்கு முன் உருகிப்போன ஒன்றைக் கட்டிக்கொண்டு இனி அவன் அழவேண்டா. ஆராய்ச்சிக்கு முழுக்குப் போட்டுவிட்டு வங்கித் தேர்வு எழுதட்டும். கற்கள் கிணற்றடிக்குப் போகட்டும். எழுத மறுப்பானாயின் லோயிசை மறக்கட்டும். அவள் இதைக் கேட்டது முதல் உண்ணவில்லை. ஆயினும் என் சொல் சொல்லே.

அக்காளுக்கு என் அன்பு. தங்கள் இல்லத்தில் அமைதி தங்குக. என் இல்லத்தில் அதற்கு இடமில்லை.

தங்கள்,
தேவானந்தம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் கிருபாவதி வந்து நின்றாள். "ஊரே அந்தப் புள்ளயாண்ட வேலை கேட்டுக்கினு நிக்குது, நீங்க இன்னாடான்னா உக்காந்து எழுதிக்கினு கீறீங்க! வேற எவளாவது கொத்திக்கினு போறதுக்குள்ள இந்த ஞாயித்துக்கிழமையே கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லுங்க" என்றாள். லோயிசு சமையலறையில் உண்டுகொண்டிருக்கிறாள். ஆகவே மேலே எழுதிய யாவும் தள்ளுபடி. வங்கித் தேர்வுக்கு அவன் போகவேண்டா. கற்களைப் பத்திரமாகத் துடைத்து வைக்கட்டும். பனி, பனி என்று எத்தனை முறை வேண்டுமானாலும் இங்கு வந்து பேசட்டும். மணம் முடியும்வரை ஐஸ் என்னும் அச்சொல்லை மட்டும் நம் இரு வீட்டிலும் எவரும் உச்சரித்துவிடாதீர். இம்முறை தமிழுக்காக அன்று.